ஸ்விஃப்ட் 6 மோடுக்குப் பழைய என்கோடிங் லைப்ரரி: எல்லா கிளாஸுக்கும் அன்செக்டு சென்டபிள் போட்டுவிடலாமா?

தரமணி_டெவ் (கேள்வி):

வணக்கம். டிஸ்கி, டாப், டாம் என்கோடிங்குகளில் கிடக்கும் பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு ஸ்விஃப்ட் லைப்ரரியை 6 மோடுக்கு, அதாவது பல த்ரெட்டுகள் ஒரே மதிப்பைத் தொடும் ஆபத்தைக் கம்பைலர் எரராகவே சொல்லும் நிலைக்கு, கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஸ்விஃப்ட் 4 காலத்துக் கோடு. சென்னை அச்சகங்களிலிருந்தும் சிற்றிதழ்களிலிருந்தும் வரும் 2000-களின் கோப்புகளுக்காக எழுதியது. பயன்படுத்தும் ஆப்கள் மூன்று. மூன்றும் இப்போது ஸ்விஃப்ட் 5 மோடு. ஒன்று மட்டும் அடுத்த வெளியீட்டில் 6-க்குத் தாவுகிறது.

மேனிஃபெஸ்ட்டின் (பேக்கேஜின் விவரக் கோப்பு) முதல் வரியில் டூல்ஸ் வெர்ஷனை 6.0 ஆக்கினேன். வேறெதையும் தொடவில்லை. 180-க்கு மேல் எரர் கொட்டியது. கிளறிப் பார்த்தால் எல்லாம் நாலே இடத்திலிருந்து வருகின்றன.

என்கோடிங் அட்டவணைகள் அத்தனையும் ஸ்டேடிக் வார். சில பிலிஸ்ட்டிலிருந்து ஏற்றப்படுபவை. அடுத்தது கன்வெர்ட்டர். அது ஒரு பப்ளிக் கிளாஸ், ஷேர்டு என்ற பெயரில் ஒரே இன்ஸ்டன்ஸ், ஒவ்வொரு என்கோடிங்குக்கும் உள்ளே ஒரு சப்கிளாஸ். பெரிய கோப்புகளை 64 கேபி துண்டுகளாகப் படித்து ஃபீடு என்ற ஃபங்ஷனிடம் கொடுக்கும். துண்டின் முடிவில் அரைகுறையாக நிற்கும் எழுத்தை ஓர் இன்ஸ்டன்ஸ் வேரியபிளில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டுக்குக் காத்திருக்கும். மூன்றாவது, கம்ப்ளீஷன் க்ளோஷர்: வேலை குளோபல் க்யூவில், பதில் மெயின் க்யூவில். கூடவே முன்னேற்றத்தைச் சொல்ல ஒரு டெலிகேட். நாலாவது, மாற்றி முடித்த பக்கங்களுக்கான கேஷ். சீரியல் க்யூவின் காவலில் ஒரு டிக்‌ஷனரி.

ஐஓஎஸ் 15-க்குக் கீழே போகவேண்டியதில்லை, ஆனால் 15 கட்டாயம். ஆப்களின் கோடு உடையக் கூடாது.

கிளாஸ்களுக்கு எல்லாம் அன்செக்டு சென்டபிள் ('த்ரெட்டுகளுக்கிடையே பகிரலாம், சோதிக்க வேண்டாம்' என்ற குறி) போட்டுப் பார்த்தேன்; எரர் சட்டென்று பத்துக்குள் வந்துவிட்டது. இது போதுமா? இல்லை, கன்வெர்ட்டரை ஆக்டராக்க (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் உள்ளே விடும் டைப்பாக்க) வேண்டுமா?

இதோடு தொடர்பு உண்டா தெரியவில்லை: பல கோப்புகளை ஒரே நேரத்தில் மாற்றும்போது எப்போதாவது ஓர் எழுத்தில் கொம்பு காணாமல் போகிறது, இல்லாத இடத்தில் முளைக்கிறது. அதே கோப்பைத் தனியாக மாற்றினால் சரியாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.


மயிலை_மாடவீதி (பதில்):

தொடர்பு உண்டு. கோப்பு கெடவில்லை, உங்கள் ஷேர்டு கன்வெர்ட்டர்தான் கொம்பை இடம் மாற்றுகிறது. அன்செக்டு போட்டு நீங்கள் வாயடைத்த எரர்களில் ஒன்று சரியாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு வருமுன் வேலையின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

மோடை முதலில் மாற்றாதீர்கள். டூல்ஸ் வெர்ஷன் 6.0 என்று எழுதினாலே அந்தப் பேக்கேஜின் எல்லா டார்கெட்டும் 6 மோடுக்குப் போய்விடும். உங்களுக்கு நடந்தது அதுதான். 5.10-க்கே திரும்புங்கள். இல்லையென்றால் 6.0-ஐ வைத்துக்கொண்டு ஒவ்வொரு டார்கெட்டின் ஸ்விஃப்ட் செட்டிங்ஸிலும் லாங்குவேஜ் மோடு 5 என்று தனியாக எழுதுங்கள். பிறகு ஸ்ட்ரிக்ட் கன்கரன்சியை 'கம்ப்ளீட்' ஆக்குங்கள். 5.10 மேனிஃபெஸ்ட்டில் இது எக்ஸ்பெரிமென்டல் ஃபீச்சர், 6.0-ல் அப்கமிங் ஃபீச்சர். ஆப்பின் பில்டு செட்டிங்கில் கம்ப்ளீட் போட்டுவிட்டு 'லைப்ரரியில் ஒன்றும் வரவில்லையே' என்று பலர் ஏமாறுவார்கள். அந்த செட்டிங் பேக்கேஜ் டார்கெட்டுக்குள் போகாது, மேனிஃபெஸ்ட்டில்தான் போட வேண்டும். இப்போது அதே பட்டியல் எரராக இல்லாமல் எச்சரிக்கையாக வரும், பில்டு ஓடும், டெஸ்ட் ஓடும். நடுவில் ஒரு வெளியீடு கொடுக்க வேண்டி வந்தாலும் கொடுக்கலாம்.

கம்பைலர் மட்டும் எக்ஸ்கோடு 16 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். 5.10 கம்பைலரின் கம்ப்ளீட் சோதனை தேவையில்லாத இடங்களிலும் கத்தும். ஒரு பொருளை ஒப்படைத்த பிறகு அனுப்பியவர் அதைத் தொடவே இல்லை என்று கண்டுபிடிக்கும் ரீஜன் ஐசொலேஷன் (ஸ்விஃப்ட் மொழி முன்மொழிவு எஸ்இ-0414) 6.0-ல்தான் வந்தது.

யாரையும் நம்பி இராத டார்கெட்டிலிருந்து தொடங்குங்கள். உங்கள் விஷயத்தில் அது அட்டவணைகள்.

அட்டவணை: ஸ்டேடிக் வாரை ஸ்டேடிக் லெட் ஆக்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பைட்டிலிருந்து ஸ்ட்ரிங்குக்குப் போகும் டிக்‌ஷனரி தானாகவே சென்டபிள், ஏனெனில் அதன் இரண்டு பக்கமும் சென்டபிள். ஸ்டேடிக் லெட் முதன்முறை தொடும்போது ஒரே ஒரு முறை உருவாகும். எத்தனை த்ரெட் ஒன்றாக வந்தாலும் அப்படித்தான். எனவே அதைச் சுற்றி லாக் எதுவும் வேண்டாம். பிலிஸ்ட்டிலிருந்து வருபவை மட்டும் லெட் ஆக்கிய பிறகும் எரர் தரும். காரணம், அவற்றின் மதிப்பு வகை 'எனி' (எந்த டைப்பும் இருக்கலாம்). எனி சென்டபிள் அல்ல, என்எஸ்டிக்‌ஷனரியும் அல்ல. படித்த கையோடு முறையான டைப்புக்கு மாற்றி, அந்த டைப்பில் லெட்டாக வையுங்கள். டெஸ்ட்டில் அட்டவணையை மாற்றிப் பார்ப்பதற்காகத்தான் வார் என்று வைத்திருந்தீர்கள் என்றால், அட்டவணையைப் பாராமீட்டராகக் கொடுக்கும் வழி செய்யுங்கள்.

இனி கொம்பு. டிஸ்கி, டாப், டாம் மூன்றும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிப்பவை. டாமும் டாபும் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசுத் தரமானவை. 2010-ல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு வந்தது. நடுவில் உள்ள அந்தப் பதினோரு ஆண்டுக் கோப்புகள்தான் உங்கள் சோறு. இவற்றில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு மூன்றும் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். ஆக, கொம்பின் பைட் வந்ததும் அதை எழுதாமல் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். எழுத்து வந்தாலும் போதாது. அடுத்து கால் வருகிறதா என்று பார்த்த பிறகே அது 'கெ'யா 'கொ'வா என்று முடிவாகும். நீங்கள் சொன்ன 'அரைகுறை எழுத்து' வேரியபிள் இதுதான்.

அந்த வேரியபிள் ஷேர்டு கன்வெர்ட்டரில் இருக்கிறது. முதல் கோப்பின் துண்டு 'பெயர்' என்ற சொல்லின் கொம்போடு அறுந்து நிற்கிறது. கொம்பு கையில். அந்த நேரம் பார்த்து இன்னொரு கோப்பின் துண்டு உள்ளே வருகிறது, அது 'தமிழ்' என்று தொடங்குகிறது. அங்கே 'தெமிழ்' ஆகும். திரும்பி வந்த முதல் கோப்பில் 'பயர்' ஆகும். தனியாக ஓட்டினால் சரியாக வருவதற்கும் இதே காரணம்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: ஃபீடு ஃபங்ஷனைச் சுற்றி லாக் போட்டால் இது தீராது. கன்வெர்ட்டரை ஆக்டராக்கினாலும் தீராது. இரண்டிலும் ஒரு நேரத்தில் ஒரு ஃபீடுதான் ஓடும், ஆக்டர் என்றால் கம்பைலர் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடும், லாக் என்றால் அன்செக்டு போட்டு அதன் வாயை அடைப்பீர்கள், டேட்டா ரேஸ் (இரண்டு த்ரெட் ஒரே மதிப்பை ஒரே நேரத்தில் தொடுவது) இருக்காது. ஆனால் இரண்டு ஃபீடு அழைப்புகளுக்கு நடுவே அடுத்தவருடைய துண்டு நுழைவதை எதுவும் தடுக்கவில்லை. கொம்பு அப்போதும் தாவும். இப்போதாவது கம்பைலர் குறை சொல்கிறது. அதற்குப் பிறகு அதுவும் சொல்லாது.

செய்ய வேண்டியது அந்த நிலையைப் பொதுவிலிருந்து எடுப்பது. ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். அதில் எந்த என்கோடிங் என்ற ஈனம் (குறித்த சில தேர்வுகளில் ஒன்றாக மட்டும் இருக்கும் டைப்), கையிலிருக்கும் கொம்பு, காலுக்காகக் காத்திருக்கும் மெய் ஆகிய மூன்றும் இருக்கட்டும். ஃபீடு, ஃபினிஷ் என்று இரண்டு மியூட்டேட்டிங் ஃபங்ஷன். ஃபினிஷ் கையில் எஞ்சியதைக் கொட்டும். அதை அழைக்க மறந்தால் கோப்பின் கடைசி எழுத்து போய்விடும். ஒவ்வொரு கோப்பும் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். சப்கிளாஸ்கள் தேவையில்லை, ஈனம் பார்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பொதுவில் எஞ்சுவது மாறாத அட்டவணை மட்டும், அதை ஆயிரம் த்ரெட் படித்தாலும் பாதகமில்லை.

அந்த ஸ்ட்ரக்ட் பப்ளிக் என்றால் சென்டபிள் என்று நீங்களே எழுத வேண்டும். மாட்யூலுக்குள்ளேயே இருக்கும் ஸ்ட்ரக்ட்டுக்குக் கம்பைலர் தானாகக் கொடுக்கும், பப்ளிக் ஸ்ட்ரக்ட்டுக்குக் கொடுக்காது (ஃப்ரோஸன் என்று குறித்திருந்தால் தவிர). லைப்ரரிக்குள் டெஸ்ட் எல்லாம் பச்சையாகி, ஆப்பில் மட்டும் 'இது சென்டபிள் இல்லை' என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான்.

பழைய ஆப்களுக்காக ஷேர்டை விட்டுவைக்கலாம். அதற்குள் ஸ்டோர்டு வேரியபிள் ஒன்றுகூட இல்லாமல், அழைத்தவுடன் ஒரு ஸ்ட்ரக்ட் செய்து வேலையை முடித்துத் தரும் வெறும் முகப்பாக மாற்றுங்கள். ஃபைனல் கிளாஸ், உள்ளே ஒன்றுமில்லை என்பதால் சென்டபிள் என்று எழுதினால் அன்செக்டு இல்லாமலே கம்பைலர் ஏற்கும். ஃபைனல் போட்டால் ஆப் உடையுமா என்ற பயம் வேண்டாம்: கிளாஸ் ஓப்பன் அல்ல, பப்ளிக்தான் என்றால் வெளி மாட்யூலிலிருந்து அதைச் சப்கிளாஸ் செய்ய முன்பும் முடியாது. வெளியிலிருந்து நேரடியாக ஃபீடு அழைப்பவர் யாராவது இருந்தால் மட்டும் அதற்கு டெப்ரிகேட்டட் போட்டுப் புதிய ஸ்ட்ரக்ட்டுக்கு அனுப்புங்கள். அங்கே பழைய நடத்தையைக் காப்பாற்ற முயலவே வேண்டாம்.


பெரம்பூர்_பிட் (பதில்):

கன்வெர்ட்டர் பத்தி மேல சொன்னதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கேஷை மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா அங்கதான் அன்செக்டுக்கு நியாயம் இருக்கு.

மியூடெக்ஸ்ங்கற லாக் உங்களுக்குக் கிடையாது. சிங்க்ரனைசேஷன் லைப்ரரியில வர்ற அது ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் 15 கேக்கும். ஓஎஸ் அலொகேட்டட் அன்ஃபேர் லாக் ஐஓஎஸ் 16. நீங்க 15. ஆக மிச்சம் என்எஸ்லாக், இல்ல இப்ப இருக்கற சீரியல் க்யூவே. பழைய சி-பாணி ஓஎஸ் அன்ஃபேர் லாக்கை ஸ்டோர்டு ப்ராப்பர்ட்டியா வெச்சு ஆம்பர்சாண்ட் போட்டு அனுப்பற வேலை வேண்டவே வேண்டாம். ஸ்விஃப்ட்ல அந்த முகவரி ஒரே இடத்துல நிக்கும்னு உத்தரவாதம் இல்ல. பல நாள் ஓடும், ஒரு நாள் காலை வாரும்.

க்யூவோ லாக்கோ, வார் டிக்‌ஷனரி இருக்கற கிளாஸைக் கம்பைலர் தானா நம்பாது. உங்க க்யூ எதைக் காக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அதனால ஏதோ ஒரு இடத்துல 'நான் பாத்துக்கறேன்'னு கையெழுத்துப் போட்டே ஆகணும். எங்க போடறோம்கறதுதான் கேள்வி. கிளாஸுக்கே அன்செக்டு போட்டா அந்த கிளாஸ்ல இருக்கறது எல்லாம் சோதனையிலிருந்து விடுதலை. ஆறு மாசம் கழிச்சு யாராவது 'ஹிட் கவுன்ட்'னு ஒரு வார் சேர்த்து அதைக் க்யூவுக்கு வெளியில தொடுவாங்க, கம்பைலர் மூச்சு விடாது. அதுக்குப் பதிலா கிளாஸை ஃபைனல் ஆக்கி, சாதாரண சென்டபிள் கொடுத்து, அந்த ஒரே ஒரு டிக்‌ஷனரிக்கு மட்டும் நான்ஐசொலேட்டட் அன்சேஃப் போடுங்க. இப்ப புது வார் சேர்த்தா எரர் வரும். பக்கத்துலயே ஒரு கமென்ட்: எந்த க்யூ இதைக் காக்குதுன்னு. ப்ரைவேட்டா வெக்க மறக்காதீங்க.

என்எஸ்லாக்குக்கு மாறினா, லாக், அன்லாக் ரெண்டையும் அசிங்க் ஃபங்ஷனுக்குள்ள (அவெய்ட்ல நின்னு பிறகு தொடரக்கூடியது) நேரடியா கூப்பிட முடியாது. 6 மோடுல அது எரர். காரணம் சரியானதுதான்: நடுவுல ஒரு அவெய்ட் வந்தா வேற த்ரெட்ல எழுந்து அன்லாக் பண்ணுவீங்க. சாதாரண, அசிங்க் இல்லாத சின்ன ஃபங்ஷன் ஒண்ணு எழுதி அதுக்குள்ள லாக், டிஃபர்ல அன்லாக். அதை எங்கேருந்தும் கூப்பிடலாம்.

அப்புறம், 'கேஷ்ல இருக்கா பாரு' ஒரு லாக், 'இல்லன்னா போடு' இன்னொரு லாக்னு ரெண்டா பிரிக்காதீங்க. ரெண்டு த்ரெட்டும் 'இல்ல'ன்னு பாத்துட்டு ஒரே பக்கத்தை ரெண்டு தடவை மாத்தும். உங்க கேஸ்ல நேரம்தான் வீண், தப்பு வராது, ஏன்னா ரெண்டு பேருக்கும் ஒரே விடைதான். ஆனா இதே கோடை நாளைக்கு வேற எதுக்காவது காப்பி அடிப்பாங்க.

செமஃபோர் வெச்சு அசிங்க் ஃபங்ஷன் முடியற வரைக்கும் காத்திருக்கறது ஏதாவது இருந்தா இப்பவே பிடுங்கிடுங்க. ஸ்விஃப்ட்டோட த்ரெட் கூட்டத்துல கோர் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு த்ரெட்தான். எல்லாம் செமஃபோர்ல உக்காந்துட்டா அதை எழுப்ப வேண்டிய வேலைக்கு ஆள் இருக்காது. நாலு கோப்புக்கு ஓடும், நாப்பது கோப்புக்கு உறைஞ்சு நிக்கும்.


வேளச்சேரி_நூல் (பதில்):

க்ளோஷரும் டெலிகேட்டும்தான் ஆப்களைத் தொடும் பகுதி, அதை யாரும் எடுக்கவில்லை.

மூன்று ஆப்களில் ஒன்று உங்களுக்கு முன்பே 6-க்குப் போகிறது என்றீர்கள். அதுதான் அவசரம். லைப்ரரி பழையபடியே இருந்து ஆப் மட்டும் 6 மோடுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஆப்பில் ஒரு வியூ கன்ட்ரோலருக்குள் க்ளோஷர் எழுதுகிறார்கள். வியூ கன்ட்ரோலர் மெயின் ஆக்டர் (மெயின் த்ரெட்டில் மட்டும் ஓடும் ஆக்டர்), எனவே அந்த க்ளோஷரும் மெயின் ஆக்டர் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். உங்கள் பாராமீட்டரில் @சென்டபிள் இல்லாததால் 'இது இதே ஆக்டரிலேயே ஓடும்போல' என்று எச்சரிக்கை ஏதுமின்றி விட்டுவிடும். ஆனால் 6 மோடு, பழைய மாட்யூலுக்குப் போகும் இத்தகைய க்ளோஷரின் வாசலில் ஒரு சோதனையைச் சேர்க்கிறது (எஸ்இ-0423). நீங்கள் அதை பேக்கிரவுண்டு க்யூவில் அழைத்தால் அந்த வாசலிலேயே ஆப் விழும். ஸ்டாக்கில் டிஸ்பேட்ச் அசர்ட் க்யூ ஃபெயில் என்று தெரியும். கம்பைல் சுத்தம், ஓடும்போது க்ராஷ். உங்கள் கம்ப்ளீஷன் மெயின் க்யூவில் வருவதால் அது தப்பிவிடும். எரர் வரும் பாதை ஏதாவது மெயினுக்குத் தாவாமல் குளோபல் க்யூவிலிருந்தே நேராகக் கம்ப்ளீஷனை அழைக்கிறதா என்று தேடுங்கள். பழைய கோடில் கார்டு கூற்றுகளின் எல்ஸ் பகுதியில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும்.

எப்போதும் மெயினில்தான் அழைப்போம் என்றால் அதை டைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: க்ளோஷருக்கு @மெயின்ஆக்டர். ஃபங்ஷனுக்கு மேலே @ப்ரீகன்கரன்சி. இந்த இரண்டாவது இல்லாவிட்டால் 5 மோடில் இருக்கும் மற்ற இரண்டு ஆப்களுக்கும் சிக்கல். இருந்தால், சோதனையை இயக்காதவர்களுக்கு ஃபங்ஷனின் பழைய வடிவமே தெரியும், இயக்கியவர்களுக்குப் புதியது தெரியும். உள்ளே டிஸ்பேட்ச் க்யூ டாட் மெயின் டாட் அசிங்க் என்று அப்படியே எழுதுங்கள். கம்பைலருக்கு அந்த வடிவம் தெரியும், உள்ளிருப்பதை மெயின் ஆக்டராக ஏற்கும். மெயின் க்யூவை முதலில் ஒரு வேரியபிளில் போட்டு அதில் அசிங்க் அழைத்தால் அடையாளம் தெரியாது.

எந்த க்யூவில் அழைப்பது என்று ஆப்பே சொல்லும் வசதி இருந்தால் மெயின் ஆக்டர் பொய்யாகிவிடும். அங்கே @சென்டபிள் போடுங்கள்.

டெலிகேட்டை நிறுத்தாதீர்கள். ப்ரோட்டோகாலுக்கே @மெயின்ஆக்டரும் @ப்ரீகன்கரன்சியும் போடுங்கள்; அதை ஏற்பவர்கள் பெரும்பாலும் வியூ கன்ட்ரோலர்கள், அவர்களுக்கு வேலையே இல்லை. டெலிகேட்டை வைத்திருக்கும் வீக் வார் மாறக்கூடியது என்பதால் அந்த கிளாஸ் தானாகச் சென்டபிள் ஆகாது. அந்த கிளாஸையும் மெயின் ஆக்டராக்கிவிட்டு, மாற்றும் வேலையை மட்டும் ஸ்ட்ரக்ட்டிடம் வெளியே அனுப்புவது எளிய வழி.

அசிங்க் வடிவமும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பழையதை செக்டு கன்டினியூவேஷனில் (க்ளோஷரை அவெய்ட்டோடு இணைக்கும் பாலம்) சுற்றலாம். ரெஸ்யூம் ஒரே ஒரு முறை, எல்லாப் பாதையிலும். இரண்டு முறை அழைத்தால் க்ராஷ். அழைக்காமலே விட்டால் அவெய்ட் செய்தவர் நிரந்தரமாகத் தொங்குவார், கன்சோலில் ஒரு வரி மட்டும் வரும். மேலே சொன்ன கார்டு-எல்ஸ் பாதைகளை இங்கேயும் பாருங்கள். முன்னேற்றத்துக்கு அசிங்க் ஸ்ட்ரீம் கொடுத்தால் பஃபரில் கடைசி ஒன்றை மட்டும் வைக்கச் சொல்லுங்கள், பழைய சதவீதம் யாருக்கும் வேண்டாம். ஒரே ஸ்ட்ரீமை இரண்டு பேர் ஃபார்-அவெய்ட்டில் படித்தால் இருவருக்கும் முழுதாகக் கிடைக்காது, பங்கு பிரிந்து போகும். டாக்குமென்ட்டேஷனில் அதை எழுதிவிடுங்கள்.


கிண்டி_லோக்கல் (பதில்):

இவ்வளவு ஏன்? ஸ்விஃப்ட் 6.2-ல டீஃபால்ட் ஐசொலேஷனை மெயின் ஆக்டர்னு வெச்சா (எஸ்இ-0466) எல்லாம் ஒரே ஆக்டர். குளோபல், சிங்கிள்டன், டெலிகேட் எல்லா எரரும் போயிடும். எக்ஸ்கோடு 26-ல புது ஆப் ப்ராஜெக்ட்டே அப்படித்தான் திறக்குது.


மயிலை_மாடவீதி (பதில்):

ஆப்புக்கு நல்ல தீர்வு, நானே சொல்வேன். லைப்ரரிக்கு, அதுவும் இந்த லைப்ரரிக்கு, வேண்டாம். ஒரு பழைய இதழின் முழுத் தொகுதியை மெயின் த்ரெட்டில் மாற்றினால் திரை உறையும். அதோடு ஆப்பின் பேக்கிரவுண்டு கோடிலிருந்து உங்கள் ஃபங்ஷன் எதை அழைத்தாலும் அவெய்ட் போட வேண்டிவரும். சும்மா பைட்டை ஸ்ட்ரிங்காக்கும் ஒரு வேலைக்கு அது அநியாயம். பேக்கேஜ்களின் டீஃபால்ட் இன்னும் நான்ஐசொலேட்டட்தான், அப்படியே விடுங்கள். ஆப் தன் செட்டிங்கை மாற்றினாலும் அது உங்கள் மாட்யூலில் எழுதப்பட்டவற்றின் பொருளை மாற்றாது.

6.2 பேச்சு வந்ததால் ஒன்று. எஸ்இ-0461 கொண்டுவந்த அப்கமிங் ஃபீச்சரை லைப்ரரியில் இயக்கினால், நான்ஐசொலேட்டட் அசிங்க் ஃபங்ஷன்கள் அழைத்தவரின் ஆக்டரிலேயே ஓடும். முன்பு தானாகப் பின்னணிக்குப் போனது இனிப் போகாது. மெயின் ஆக்டரிலிருந்து அழைத்தால் மெயினிலேயே உட்கார்ந்து கோப்பை மாற்றும். எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, ஸ்க்ரோல் மட்டும் திக்கும். கனமான ஃபங்ஷனுக்கு @கன்கரன்ட் என்று எழுதினால் பின்னணிக்குப் போகும். இயக்கும் முன் எந்தெந்த அசிங்க் ஃபங்ஷன் கனமானது என்று ஒரு பட்டியல் எடுங்கள்.

டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. த்ரெட் சானிடைசரை (ஓடும்போது டேட்டா ரேஸைப் பிடிக்கும் கருவி) இப்போதைய கோடிலேயே, எதையும் திருத்துமுன், ஒருமுறை ஓட்டுங்கள். எங்கெங்கே ரேஸ் என்று உண்மைப் பட்டியல் கிடைக்கும். கட்டளை வரியில் ஸ்விஃப்ட் டெஸ்ட்டோடு சானிடைஸ் த்ரெட் என்ற ஆப்ஷன், எக்ஸ்கோடில் ஸ்கீமின் டயக்னாஸ்டிக்ஸ் பக்கம். மேக்கிலும் சிமுலேட்டரிலும் மட்டும் ஓடும், ஐபோனில் ஓடாது. ஆப்பிள் சொல்லும் கணக்கில் வேகம் 2 முதல் 20 மடங்கு குறையும், மெமரி 5 முதல் 10 மடங்கு ஏறும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இருக்கும் மேக் மினி என்றால் இரவில் ஓட விடுங்கள்.

ஆனால் சானிடைசரும் கொம்பைப் பிடிக்காது என்பதை மறக்காதீர்கள். லாக் போட்டுவிட்டால் அதன் கண்ணில் ரேஸே இல்லை. அதற்குத் தனி டெஸ்ட் வேண்டும்: இருபது, முப்பது கோப்புகளை முதலில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி விடையை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கன்கரன்ட் பெர்ஃபார்மில் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டி ஒப்பிடுங்கள். துண்டின் அளவை 64 கேபியில் விடாதீர்கள், ஒரு பைட் ஆக்குங்கள். அப்போதுதான் ஒவ்வொரு கொம்பும் துண்டின் விளிம்பில் நிற்கும், பிழை இருந்தால் முதல் ஓட்டத்திலேயே வந்துவிழும். 64 கேபியில் கொம்பு சரியாக விளிம்பில் அறுபடுவது எப்போதாவதுதான்; அதனால்தான் இத்தனை காலம் கோப்பின் மேல் பழி போட முடிந்தது.

ஒப்பிடும்போது ஸ்ட்ரிங்குகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட வேண்டாம், யூடிஎஃப்-8 பைட்டுகளை ஒப்பிடுங்கள். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். ஸ்விஃப்ட்டுக்கு இரண்டும் ஒரே ஸ்ட்ரிங். தேடும் டேட்டாபேஸுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.


தரமணி_டெவ்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு பைட் துண்டு வைத்ததும் ஒவ்வொரு ஓட்டத்திலும் பிழை வந்தது. ஸ்ட்ரக்ட்டுக்கு மாற்றிய பிறகு இல்லை. அட்டவணையும் கேஷும் சுத்தம், அன்செக்டு எங்குமே இல்லை, நான்ஐசொலேட்டட் அன்சேஃப் ஒரே இடம்.

ஒன்று மட்டும் நிற்கிறது. எங்கள் பப்ளிக் எரர் ஈனமில் ஒரு கேஸ், ஸ்ட்ரிங்கிலிருந்து எனிக்குப் போகும் டிக்‌ஷனரியைச் சுமக்கிறது. 'சென்டபிள் அல்லாத மதிப்பு' என்கிறது. இந்த ஈனமுக்குச் சென்டபிள் என்று நாங்கள் எங்கும் எழுதவே இல்லையே?


பெரம்பூர்_பிட்:

எரர் ப்ரோட்டோகாலே சென்டபிளை உள்ள வெச்சிருக்கு. நீங்க எழுதலன்னாலும் எரர்னு சொன்னதும் அதுவும் சேர்ந்துடுச்சு.

கேஸை மாத்தினாலோ புதுசு சேர்த்தாலோ ஆப்ல ஸ்விட்ச் எழுதினவங்க கோடு உடையலாம். அதனால கேஸ் பேரு அப்படியே இருக்கட்டும், எனியை மட்டும் எனி சென்டபிள்னு மாத்துங்க. ஆப்ல அதை எடுத்து ஆஸ் கேள்விக்குறி போட்டு ஸ்ட்ரிங்கா, இன்ட்டா படிக்கறவங்க கோடு தொடாமலே ஓடும்.

நீங்க அதை நிரப்பற இடத்துலதான் வேலை இருக்கு. கையில இருக்கற எனியை ஆஸ் கேள்விக்குறி போட்டு சென்டபிளா மாத்த முடியாது. சென்டபிள் வெறும் மார்க்கர் ப்ரோட்டோகால், ஓடும்போது அதுக்குத் தடயமே கிடையாது, கம்பைலர் அந்த வரியையே ஏத்துக்காது. பைட் எண், கோப்பில் எத்தனாவது இடம், எந்த என்கோடிங்னு ஒவ்வொண்ணையும் அதது டைப்லயே எடுத்து டிக்‌ஷனரியில போடுங்க. உள்ள என்எஸ்எரர் எதையாவது முழுசா திணிச்சிருந்தா அதோட கோடு நம்பரையும் டொமைனையும் மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடுங்க.